கண்ணாடியில் எந்தக் கை

ஜனவரி 12

என் வாலு மருமகளுக்கு,

உன் தாய்மாமன், அதாவது இந்தத் தெருவின் ஒரே தலை நிபுணன், எழுதுவது. இங்கே நானும் சலூனும் இரண்டு நாற்காலிகளும் சுகம். அங்கே நீயும் உன் அம்மாவும் உன் அம்மாவின் குரலும் சுகமா? போனில் உன்னிடம் பேச வாயெடுத்தாலே அக்கா பிடுங்கிக்கொண்டு என்னைத் திட்டத் தொடங்கிவிடுகிறாள். ஆகையால் கடிதம். கடிதத்துக்கு நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நாலாவது ரக மாத்திரைக்கும் உன் வலிப்பு அடங்கவில்லை, மூளையில் ஆபரேஷன் செய்யலாமா என்று பார்க்கிறார்கள் என்று அக்கா சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். நான் அழவில்லை. மனிதத் தலையைப் பற்றி எனக்குத் தெரியாததா? உன் டாக்டர் வாரத்துக்கு இரண்டு தலை பார்ப்பாரா? நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் முப்பது பார்க்கிறேன். என்ன, அவர் உள்பக்கம், நான் வெளிப்பக்கம். நடுவில் ஒரு மண்டையோடுதானே வித்தியாசம்!

போன வாரம் வெளிநாட்டில் படித்த பெரிய நரம்பு டாக்டர் ஒருவர் என்னிடம் முடி வெட்டிக்கொள்ள வந்தார். உன் விஷயத்தைச் சொன்னேன். "உங்க மருமகளா? அப்ப ஒண்ணும் ஆகாது, போங்க" என்றார். சீப்பு சாட்சி. சீப்பு என்பவன் இரண்டாம் நாற்காலிக்கு நான் புதிதாக வைத்திருக்கும் ஆள். ஒல்லியாக இருப்பதால் நானே வைத்த பெயர்.

தைரியமாக இரு. ரோட்டைப் பார்த்து நட.

பாசத்தில் கஞ்சத்தனம் பழகாத,
மாமா

பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

வாலு எழுதுவது. அம்மாவும் நானும் நலம், அம்மாவின் குரல் எங்கள் இருவரையும் விட நலம். உங்கள் முட்டி வலி தேவலையா? நின்றுகொண்டே வேலை செய்யாமல் நடுவில் கொஞ்சம் உட்காருங்கள்.

கண்ணாடிக் கடையில் என்னை லென்ஸ் தேய்க்கும் மிஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது கட்டைவிரல் துடிக்க ஆரம்பித்தது. லென்ஸ் தெறித்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. முதலாளி நல்லவர். "வேலைய விட்டுப் போன்னு சொல்லலம்மா, அந்தச் சாணைக்கல்லு பக்கம் மட்டும் போகாத" என்றார். இப்போது கவுண்டரில் உட்கார்ந்து ஃப்ரேம் துடைக்கிறேன். எனக்குத் தெரிந்த வேலை தேய்க்கிற வேலைதான் மாமா.

மருத்துவமனையில் தலை முழுக்க ஒயர் ஒட்டி, கேமரா முன்னால் சில நாள் படுக்க வைத்தார்கள். வந்த வலிப்பெல்லாம் இடது கட்டைவிரலில்தான் தொடங்கியது. ஆகவே கோளாறு மூளையின் வலது பக்கத்தில், கையை அசைக்கிற இடத்தை ஒட்டி இருக்கிறதாம். அதை எடுத்தால் வலிப்பு நிற்கலாம். கொஞ்சம் அதிகமாக எடுத்தால் கை போய்விடலாம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும்.

உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். சின்ன வயதில் இது எப்படித் தொடங்கியது என்று டாக்டர் கேட்டார். அம்மா அப்போது வெளியூர் மில்லில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உங்களிடம் வளர்ந்தேன். முதலில் வந்த வலிப்புகள் எல்லாம் உங்கள் சலூன் நாற்காலியில்தான். எனக்கு நினைவே இல்லை. பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். எந்தக் கை, எந்தக் கால் முதலில் அசைந்தது என்று எழுதி அனுப்புங்கள். டாக்டரிடம் கொடுக்க வேண்டும்.

அந்த நரம்பு டாக்டர் போன வருடக் கடிதத்தில் மாட்டு டாக்டராக இருந்தாரே?

அன்புடன்,
வாலு

பிப்ரவரி 11

என் வாலு மருமகளுக்கும், இதைப் படிக்கப்போகும் மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கும்,

வணக்கம். நான் சுகம். முட்டியும் சுகம், அது என் சொல்லைக் கேட்கும். டாக்டர் அவர்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும்.

சம்பவ தினத்தன்று வானம் கறுத்துக் கிடந்தது. புயல். தெருவில் ஒரு மரம் விழுந்தது. சலூனுக்குள் நிற்க இடமில்லாத கூட்டம், அதில் ஒரு போலீஸ் பெரிய அதிகாரி, பாதி மீசையோடு. நடுநாயகமாக என் மருமகள் நாற்காலியில். திடீரென்று நாற்காலி பம்பரம் மாதிரி சுற்றியது! கூட்டம் அலறியது. அதிகாரி மயங்கினார். நான் ஒரே தாவல். ஒரு கையில் குழந்தை, மறு கையில் அதிகாரி. கண்ணாடி அலமாரியிலிருந்து விழுந்த பவுடர் டப்பாவைக் காலாலேயே தடுத்தேன். டாக்டர் அவர்களே, இத்தனைக்கும் நடுவில் என் கண் தவறவில்லை. முதலில் அசைந்தது குழந்தையின் வலது கை. வலது கட்டைவிரல் துள்ளி, விரல்கள் மடங்கி, கை விசிறி மாதிரி வீசியது. வலது. அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்தவையும் அதே மாதிரிதான், புயல் மட்டும் இல்லை.

சாட்சி சொல்ல நேரில் வரச் சொன்னாலும் வருவேன். டாக்டர் அவர்களுக்குக் கட்டிங், ஷேவிங் என் செலவு.

உங்கள் உண்மையுள்ள,
மாமா

மார்ச் 16

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நலம் என்று எழுதத்தான் ஆசை. போன வாரம் பஸ் ஏறும்போது வலிப்பு வந்து படியில் விழுந்தேன். நெற்றியில் தையல். பயப்படாதீர்கள், ஆறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் கடிதத்தை டாக்டர் முழுக்கப் படித்தார். போலீஸ் அதிகாரி மயங்கிய இடத்தில் சிரித்தார். பக்கத்தில் இருந்த நர்ஸிடம் கொடுத்தார், அவரும் சிரித்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "எல்லாம் சரிம்மா, இதுல வலிப்பு எங்க வருது?" நான் அந்த வரியைக் காட்டினேன். அடிக்கோட்டைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு போய்விட்டது.

வலது கையில் தொடங்கியது உண்மையானால், மூளையின் இடது பக்கத்திலும் ஒரு கோளாறு இருக்க வேண்டும். இரண்டு இடத்திலிருந்து கிளம்புகிற வலிப்புக்கு ஒரு இடத்தை மட்டும் வெட்டி எடுத்தால் கையைப் பணயம் வைத்ததுதான் மிச்சம். ஆபரேஷனை நிறுத்தி வைத்திருக்கிறார். "உங்க மாமா நிஜமாவே பாத்தாரா, இல்ல கதை நல்லா இருக்கட்டும்னு எழுதினாரா?" என்று கேட்டார். உங்களையே கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்து எழுதுங்கள் மாமா. புயல் வேண்டாம், போலீஸ் வேண்டாம். கை மட்டும் போதும்.

அன்புடன்,
வாலு

மார்ச் 22

என் வாலு மருமகளுக்கு,

தையல் போட்ட இடத்தைச் சொறியாதே. அம்மாவைக் கேட்டதாகச் சொல். இங்கே எல்லாரும் சுகம், மனசு மட்டும் கொஞ்சம் புண்.

கதை நல்லா இருக்கட்டும் என்று எழுதுகிறவனா நான்? சரி, புயலை எடுத்துவிடு. மழைத் தூறல் என்று வைத்துக்கொள். போலீஸ் அதிகாரி இல்லை, கான்ஸ்டபிள்கூட இல்லை, அன்றைக்குச் சலூனில் நீயும் நானும்தான். ஆனால் கை விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை. அதில் என் மூளையைச் செலவழித்திருக்கிறேன்.

விளக்குகிறேன், டாக்டரிடமும் சொல். நான் உனக்குப் பின்னால் நிற்கிறேன். உன்னை நான் பார்ப்பது எதிரே இருக்கும் கண்ணாடியில். கண்ணாடியில் அசைந்தது என் இடது கைப் பக்கம். சாதாரண ஆளாக இருந்தால் "இடது" என்று எழுதிவிட்டுப் போயிருப்பான். ஆனால் கண்ணாடி எல்லாவற்றையும் மாற்றித்தான் காட்டும் என்பது எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் கண்ணாடி முன்னால் நின்றவன் நான்! எதிரில் என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஆளின் இடது என் வலது, என் இடது அந்த ஆளின் வலது. ஆகவே மாற்றிக் கணக்குப் போட்டு, திருத்தி, வலது என்று எழுதினேன். இதை எந்தக் காலேஜிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

நீயும் கண்ணாடிக் கடை, நானும் கண்ணாடி முன்னால். உனக்குப் புரியும்.

அறிவில் குறைவில்லாத,
மாமா

மார்ச் 29

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். தையல் பிரித்துவிட்டார்கள். முட்டிக்கு எண்ணெய் தடவுகிறீர்களா, இல்லை அதற்கும் உங்கள் சொல்லே போதுமா?

உங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது எனக்கும் சரி என்றுதான் பட்டது. பிறகு கடையில் கஸ்டமர் ஃப்ரேம் போட்டு முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் போய் நின்று இடது கையைத் தூக்கினேன். அதற்குமேல் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நான் சொன்னதைத்தான் எழுதுவீர்கள்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். சீப்பு அண்ணனை அதே நாற்காலியில் உட்கார வையுங்கள். பின்னால் நின்றுகொள்ளுங்கள். அவர் இடது கையைத் தூக்கட்டும். முதலில் கண்ணாடியைப் பாருங்கள். பிறகு கண்ணாடியை விட்டுவிட்டு அவரையே பாருங்கள்.

இன்னொன்று, இடது வலது என்பதையே மறந்துவிடுங்கள். அன்றைக்கு அசைந்தது வாசல் பக்கமா, சுவர்ப் பக்கமா?

பதிலைச் சீக்கிரம் போடுங்கள்.

அன்புடன்,
வாலு

ஏப்ரல் 4

மருமகளுக்கு,

சுகம்தானே. நானும் சுகம்.

சீப்பை உட்கார வைத்தேன். இடது கையைத் தூக்கினான். கண்ணாடியில் என் இடது பக்கம் தெரிந்தது. "டேய், தப்பான கையத் தூக்கிட்டு உக்காந்திருக்க" என்றேன். "அண்ணே, இது என் இடது கைதாண்ணே, பொறந்ததுலேருந்து" என்றான். குனிந்து அவனையே பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து இருக்கிறோம். அவன் இடதும் என் இடதும் ஒரே பக்கம். கண்ணாடியிலும் அதே பக்கம்தான் தெரிகிறது. நான் திருத்தாமல் இருந்திருந்தால் சரியாக இருந்திருக்கும்.

வாசல் பக்கம். உன் இடது.

டாக்டருக்கு வேண்டியதை எழுதுகிறேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தாய். நாற்காலிக் கைகளின் மேல் பலகை போட்டு உன்னை உட்கார வைத்திருந்தேன். முடி வெட்டி முடிந்தது. பின்கழுத்தில் சோப்புப் போட்டு ஓரம் எடுத்துக்கொண்டிருந்தேன். துணிக்கு அடியில் ஏதோ துள்ளியது. எலி என்று நினைத்தேன். துணி விலகியது. கட்டைவிரல் உள்பக்கமாகத் துள்ளிக்கொண்டிருந்தது. "ஏய் வாலு, விளையாடாத" என்றேன். "நான் இல்ல மாமா, அதுவா ஆடுது" என்றாய். அப்புறம் மற்ற விரல்கள் மடங்கின. கை முழங்கையில் மடங்கி மேலே வந்தது. வாயின் இடது ஓரம் இழுத்தது. அதற்குப் பிறகு கண். அதற்குப் பிறகு முழு உடம்பும். உன் தலை பின்னால் சாய்ந்தது, கத்தி கழுத்தில் இருந்தது, என் கையை நடுவில் வைத்துக்கொண்டேன். உன் மேல் படவில்லை.

அடுத்து வந்தவையும் அதே கை. ஒரு தடவைகூட மற்றக் கையில் தொடங்கவில்லை. இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

மாமா

ஏப்ரல் 25

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்தை உங்கள் வாயாலேயே பழைய மாதிரி நீளமாகக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

டாக்டர் உங்கள் கடைசிக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "துணிக்கு அடியில எலின்னு நினைச்சேன்னு எழுதியிருக்கார் பாருங்க, இது நிஜமா பாத்தவங்க சொல்றது" என்றார். ஃபைலில் வைத்துக்கொண்டார். பழைய எம்.ஆர்.ஐ. படங்களையும் மறுபடி பார்த்துவிட்டு, ஒரே இடம்தான் என்று முடிவு செய்திருக்கிறார்கள். மே பத்தாம் தேதி ஆபரேஷன்.

நடுவில் என்னை எழுப்புவார்களாம். மூளைக்கு வலி தெரியாதாம். மெல்லிய கரண்டால் ஒவ்வொரு இடமாகத் தொட்டு, எங்கே தொட்டால் கை அசைகிறது என்று பார்த்துவிட்டு, அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றதை எடுப்பார்கள். நான் விரலை மடக்கி நீட்டிக்கொண்டே பேச வேண்டும். கை தளர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். எடுக்காமல் விட்டால் வலிப்பு நிற்காமலும் போகலாம். "ரெண்டுல எது உனக்கு முக்கியம்?" என்று டாக்டர் கேட்டார். இரண்டும் என்றேன். "எல்லாரும் அதத்தான் சொல்வாங்க" என்றார்.

உங்கள் உள்ளங்கைத் தழும்புக்கு என்னிடம் இதுவரை திருடன் ஒருவன், சர்க்கஸ் சிங்கம் ஒன்று, உடைந்த பாட்டில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். நான்தான் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லையே மாமா.

அன்புடன்,
வாலு

மே 19

என் வாலு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். அங்கே எப்படி என்று எழுதினால் சந்தோஷம். இது பத்தாம் தேதிக்குப் பிறகு நான் போடும் மூன்றாவது கடிதம். அக்காவுக்குப் போன் போட்டால், "முடிஞ்சுது, முழிச்சுட்டா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாள். முடிந்தது சரி, எப்படி முடிந்தது? அவள் திட்டாமல் போனை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிங்கம் நிஜம்தான். அது வேறு கை.

தலையை அங்கே யார் மழித்தார்கள்? பாதி மட்டும் எடுத்திருந்தால் மீதியை அப்படியே விடு, யாரையும் தொடவிடாதே. முளைத்து வரும்போது சரியாக வெட்டத் தெரிந்தவன் இந்தப் பக்கம் ஒருவன்தான் இருக்கிறான். கிளம்பி வரலாம் என்று பார்த்தேன். அக்கா இப்போது வராதே என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இங்கே வருகிறவர்கள் எல்லாரும் மருமகள் எப்படி என்று கேட்கிறார்கள். பிரமாதம், டாக்டரே கைதட்டினார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சீப்பு நம்பவில்லை. பதில் போடு.

மாமா

மே 27

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் போட நேரமும் இல்லை, மனசும் இல்லை.

ஆபரேஷன் நல்லபடி ஆனது. வலிப்பு வரவில்லை. இடது கை அசையவில்லை. தோளைத் தூக்குகிறாள், மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. வீக்கம் வடிந்தால் திரும்பி வரலாம் என்று டாக்டர் சொல்கிறார். வரும் என்று சொல்லவில்லை, வரலாம் என்றுதான் சொன்னார். தினமும் ஒரு பெண் வந்து அவள் விரல்களை மடக்கி நீட்டிவிடுகிறாள். இவள் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேசுவதில்லை.

கை சரியாகிவிடும் என்று அவளுக்கு அளந்து எழுதாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நீ சொன்னால் அவள் நம்புவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள மாமாவுக்கு,

வாலு எழுதுவது, எப்போதும் போல வலது கையால். அம்மா நலம். நான் முன்னைவிட நலம். ஒரு மாதத்துக்கு மேலாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரரே அம்மாவிடம் "உங்க தம்பிக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். அம்மா உங்களுக்கு என்ன எழுதினாள் என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்கிறேன். எழுப்பினார்கள். தலைக்கு மேல் திரை, எதிரே கைப் பயிற்சி கொடுக்கும் பெண். "விரல மடக்கு, நீட்டு, ஏதாவது பேசிட்டே இரு, நிறுத்தாத" என்றார். என்ன பேசுவது என்று தெரியாமல் சர்க்கஸ் சிங்கத்தை ஆரம்பித்தேன். அது போதவில்லை. அப்புறம் புயல், மயங்கிய போலீஸ் அதிகாரி. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ, "சிரிக்க வைக்காதம்மா, டாக்டர் கையில கருவி இருக்கு" என்றார்கள். கரண்டு வைத்த ஒரு இடத்தில் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. நீங்கள் எழுதியிருந்தது போலவே, உள்பக்கமாக. "இது நான் இல்ல" என்றேன். "தெரியும், இந்த இடத்தத் தொட மாட்டோம்" என்றார் டாக்டர். அதை ஒட்டி எடுத்துக்கொண்டே போனார்கள். கதை மறுபடி சிங்கத்துக்கே வந்து, அது கூண்டுக்குத் திரும்பும் சமயம் என் கை தளர்ந்தது. அங்கேயே நிறுத்திவிட்டார்கள். ஓரத்தில் கொஞ்சம் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இதுவரை வலிப்பு இல்லை. இனி வராது என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரை தொடர்கிறது.

கை விஷயம். நேற்று மதியம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து, எப்போதும் போல, இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் உள்பக்கம் வந்தது. அம்மா பார்த்துவிட்டாள். மடித்த துணியெல்லாம் கீழே விழ, "ஐயோ, வந்துருச்சு" என்று கத்திக்கொண்டு என்னைப் பிடிக்க ஓடி வந்தாள். "உக்காரும்மா" என்றேன், "இது நான்."

மறுபடியும் அசைத்துக் காட்டினேன். அவள் என்னைப் பிடித்த பிடியை விடவே இல்லை. மற்ற விரல்கள் இன்னும் வரவில்லை.

அன்புடன்,
வாலு

ஜூலை 9

என் வாலு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. சுகம், சுகம், இங்கே எல்லாம் சுகம். தபால்காரருக்கு என் வந்தனம் சொல். இடையில் எழுதாததற்குக் காரணம் பேனா இல்லாததுதான், வேறொன்றும் இல்லை.

உன் கடிதம் வந்தபோது பக்கத்துப் பேப்பர் கடைக்காரர் முகத்தில் சோப்போடு நாற்காலியில் இருந்தார். கத்தியை வைத்துவிட்டுப் பிரித்துப் படித்தேன். முடித்தபோது எனக்கு எழுத்துத் தெரியவில்லை, கண்ணில் சோப்பு பட்டிருக்கும். சீப்பு வாங்கிக் கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தான். பேப்பர் கடைக்காரர் சோப்பு நுரைக்குள்ளிருந்து கேட்டார்: "கட்டைவிரல் அசைஞ்சுதா? அவ்ளோதானா?"

என்னை உனக்குத் தெரியும். மற்ற நாளாக இருந்தால் அந்த விரலால் ஒரு இரும்புக் கதவையாவது திறக்க வைத்திருப்பேன். வாயைத் திறந்தேன். திறந்தபடியே இருந்தது.

"அவ்ளோதான்" என்றேன்.

"என்னண்ணே, ஒண்ணும் சேக்கலையா?" என்றான் சீப்பு. போய் வேலையைப் பார் என்று விரட்டினேன். பேப்பர் கடைக்காரர் முகத்தில் சோப்பு காய்ந்தே போய்விட்டது, மறுபடி போட வேண்டியதாயிற்று.

அக்காவிடம் சொல், நான் எதையும் அளக்கவில்லை. ஆனால் இது இன்றைய தேதிக்குத்தான். மற்ற விரல்களும் வந்து சேரட்டும், அதற்குப் பிறகு இந்தத் தெருவில் உன் கை என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு என்னால் பொறுப்பேற்க முடியாது.

உன்,
மாமா